ஒரு தனிக்கட்டைக்கு வக்காலத்து

நம் வீடுகளில், வயது நாற்பதைக் கடந்தும் மணம் செய்துகொள்ளாத ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘பாவம், தனிக்கட்டை’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவது வழக்கம். சுரத்தில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை, மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட ஆளில்லை, கடைசியில் கொள்ளி வைக்கவும் ஆளில்லை என்னும் அநுதாபங்கள் அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் சுருண்டு கிடக்கின்றன. இதே பாஷைதான் கலியாணத்துக்குக் ‘கால்கட்டு’ என்றும் பெயர் வைத்திருக்கிறது. ஆயினும் கால்கட்டு என்று சொல்லும்போது சிரிக்கிற நாம், தனிக்கட்டை என்று சொல்லும்போது சிரிப்பதில்லை. கட்டுண்டவனைப் பார்த்து வேடிக்கை பேசலாம், கட்டில்லாதவனைக் கண்டால் இரங்கத்தான் வேண்டும் என்பது நம் லௌகிகத்தின் தீர்மானம் போலும்.

இந்த இரக்கத்துக்கு உலகம் முழுவதிலும் ஆளாகியிருக்கும் ஒருவர், லண்டன் பேக்கர் தெருவில் 221பி என்னும் இலக்கமிட்ட வீட்டின் மாடியில் குடியிருந்தவராகச் சொல்லப்படும் ஷெர்லக் ஹோம்ஸ். எடின்பரோவில் 1859-ஆம் ஆண்டு பிறந்து, அவ்வூர்ச் சர்வகலாசாலையிலேயே வைத்தியம் படித்து, சவுத்ஸீ என்னும் கடற்கரை ஊரில் டாக்டராகத் தொழில் நடத்திக்கொண்டிருந்த ஆர்தர் கானன் டாயில், தம் ஆசிரியர் ஜோஸப் பெல் நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் அவனுடைய தொழிலையும் ஊரையும் சொல்லிவிடும் சாமர்த்தியத்தை நினைவில் வைத்துக்கொண்டு உண்டாக்கிய பாத்திரம் இது. முதல் நாவல் 1887-இல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வெளிவந்தது. அதன் உரிமை முழுவதையும் 25 பவுனுக்கு அவர் விற்றுவிட்டார். கடைசிக் கதை வந்தது 1927-இல். இந்த நாற்பது வருஷங்களில் 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் எழுதப்பட்டன. ஹோம்ஸின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் ஆதாரம் அவ்வளவுதான். உயிரோடிருந்த ஒரு மனிதரின் வாழ்வு நிறைவானதா என்று ஆராயப் புகுந்தால், நாளைக்கே ஒரு பழைய கடிதக்கட்டு அகப்பட்டு நம் முடிவைப் புரட்டிவிடக்கூடும். கற்பனை மனிதர் விஷயத்தில் அந்தப் பயமில்லை. கட்டு மூடி முத்திரை வைத்தாயிற்று. ஆகவே அவரை ஒரு வாழ்க்கைப் பிரச்சினையின் திருஷ்டாந்தமாகக் கொண்டு நிதானமாக விசாரிப்பது வீண் வேலையாகாது.

அவருடைய தனிமையைப் பிறர் பொறுத்துக்கொள்ளாத சரித்திரம் நீண்டது. 1899-இல் அமெரிக்க நடிகர் வில்லியம் கில்லெட், ஹோம்ஸை நாடக மேடைக்குக் கொண்டுவந்தபோதே அவருக்கு ஒரு காதலியைச் சேர்த்துவிட்டார். ஹோம்ஸுக்கு மணம் முடிக்கலாமா என்று அவர் கேட்டதற்கு, மணம் செய்து வைத்தாலும் சரி, கொன்றுபோட்டாலும் சரி என்ற பொருள்பட டாயில் பதில் அனுப்பினார் என்பார்கள். 1962-இல் பேரிங்-கூல்ட் என்பவர் ஹோம்ஸின் ‘ஜீவிய சரித்திரம்’ ஒன்றை எழுதி, அதில் ஐரீன் ஆட்லர் என்னும் பாடகியோடு அவரைச் சேர்த்து, ஒரு பிள்ளையும் பிறப்பித்தார். 1974-இல் நிக்கலஸ் மேயர் எழுதிய நாவலில், சிக்மண்ட் பிராய்டே ஹோம்ஸுக்கு வைத்தியம் பார்க்கிறார். 1994-இல் தொடங்கிய லாரி கிங்கின் நாவல் வரிசையில், முதிய வயதில் அவருக்கு ஓர் இளம் மனைவி வாய்க்கிறாள். 2015-இல் வந்த ஒரு திரைப்படமோ, தொண்ணூற்று மூன்று வயதில் நினைவு மங்கிய ஹோம்ஸைத் தம் தனிமைக்காக வருந்தவே வைத்துவிடுகிறது. ஒவ்வொன்றும் தன்னளவில் சுவையான கற்பனையே. கடைசியாகச் சொன்னதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியதுண்டு. ஆனால், மணமாகாத பிள்ளையைக் கண்ட அத்தைகளைப் போல இவர்கள் எல்லாரும் ஏன் ஹோம்ஸுக்கு ஒரு வழி செய்துவிடத் துடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மூல கதைகளில் அவர் ஏதாவது குறைபட்டுக்கொண்டாரா?

அதைப் பார்க்குமுன், நிறைவு என்று எதைச் சொல்கிறோம் என்பதைச் சற்றே தெளிவு செய்துகொள்ள வேண்டும். நம்முடைய மரபு வாழ்வை இல்லறம், துறவறம் என்று இரு கூறாக்கி, இரண்டிலும் நிறைவுக்கு வழி கண்டது. மணவாதவன் சந்நியாசியாகவாவது இருந்தாக வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. ஹோம்ஸ் இந்த இரண்டில் எதிலும் அடங்கமாட்டார். அவர் கிரகஸ்தர் அல்லர். ஆனால் சுருட்டும் புகைக்குழாயும் பிடிலும் நல்ல திராட்சை மதுவும் இல்லாமல் இருக்கமாட்டாத அவரைத் துறவி என்றும் சொல்வதற்கில்லை. மேற்கில் இந்தக் கேள்வியை முறையாக எழுப்பியவர் அரிஸ்டாட்டில். அவருடைய நீதி நூலின் தொடக்கத்தில், தன்னிறைவு என்பது ஒற்றை மனிதன் தனித்து வாழும் வாழ்வைக் குறிப்பதன்று, பெற்றோர், மனைவி, மக்கள், நண்பர், ஊரார் ஆகிய அனைவரோடும் கூடியதே என்கிறார். அதே நூலின் பத்தாவது பகுதிக்கு வந்ததும், உண்மையை ஆராய்வதிலே திளைக்கும் வாழ்வே மனித வாழ்வுகளில் உயர்ந்தது, அதை ஞானி தனியாக இருந்தும் நடத்த முடியும், உடன் உழைப்பவர் இருந்தால் ஒருவேளை இன்னும் நன்றாக நடத்தலாம் என்கிறார். இந்த இரண்டு வாக்கியங்களையும் சமரசப்படுத்த அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அரிஸ்டாட்டிலோ மணமானவர், மகனின் பெயரே அந்த நூலுக்கு அமைந்தது என்றும் சொல்வதுண்டு. கிரகஸ்தர் ஒருவர் ஏகாந்தவாசியைப் புகழ்ந்தார் என்றால் அந்தச் சாட்சிக்கு மதிப்புக் கூடுதல்தான்.

நமக்குக் கிடைத்திருக்கும் சாட்சியும் ஒரு கிரகஸ்தரே. அறுபது கதைகளில் ஐம்பத்தாறை நமக்குச் சொல்லுபவர் டாக்டர் வாட்ஸன். அவர் கலியாணப் பிரியர். எத்தனை முறை மணந்தார் என்பது வாசகர்களுக்குள் இன்றும் தீராத வழக்கு. 1891 ஜூலையில் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்த முதல் சிறுகதையை நினைத்துப் பாருங்கள்: புதிதாக மணம் முடித்து, உடம்பு பூரித்து, தன் வீட்டுச் சுகத்திலே முழுகியிருக்கும் வாட்ஸன், ஒரு மார்ச் மாத இரவில் பேக்கர் தெரு வழியே போகும்போது தலையை உயர்த்திப் பார்க்கிறார், மாடி ஜன்னல் திரையில் ஒல்லியான ஒரு நிழல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த நிழலைப் பார்த்த கண்களைக் கொண்டுதான் நாம் அனைவரும் இன்றுவரை ஹோம்ஸின் தனிமையைப் பார்க்கிறோம். உள்ளே இருப்பவர் ஒரு புதிய சிக்கலின் உற்சாகத்தில் நடந்துகொண்டிருந்தார் என்பதை வாட்ஸனே அடுத்த வரிகளில் சொல்லிவிடுகிறார். எனினும் நம் மனத்தில் தங்கிவிட்டது ஜன்னல் நிழலின் சோகம்தான். வயலட் ஹன்டர் என்னும் தைரியசாலியான பெண் ஒரு கதையில் வருகிறாள். வழக்கு முடிந்தவுடன் ஹோம்ஸ் அவளிடம் மேற்கொண்டு சிரத்தை காட்டாதது தமக்கு ஏமாற்றமாக இருந்தது என்று வாட்ஸன் எழுதுகிறார். ஏமாற்றம் வாட்ஸனுடையது, ஹோம்ஸுடையது அன்று.

ஹோம்ஸ் தம் வாழ்வைப் பற்றித் தாமே சொன்னது என்ன? இதற்கு மிகச் சிறந்த சான்று 1893 டிசம்பரில் வெளியான ‘இறுதிப் பிரச்சினை’. பேராசிரியர் மோரியார்ட்டி தம் உயிருக்குக் குறிவைத்திருக்கிறான், தப்புவது அரிது என்று தெரிந்த நிலையில், ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் வாட்ஸனிடம் பேசுகிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளில் தம் திறமையைத் தவறான பக்கத்துக்குப் பயன்படுத்தியதாக நினைவில்லை, இன்றிரவே கணக்கு முடிந்தாலும் கலங்காமல் அதைத் திரும்பிப் பார்க்க முடியும் என்பது அவர் சொன்னதன் சாரம். ரைசன்பாக் அருவியின் விளிம்பில் வெள்ளிச் சிகரெட் பெட்டியின் கீழ் வைத்துவிட்டுப் போன கடிதத்திலும், தம் தொழிலுக்கு இதைவிட மனத்துக்கு உகந்த முடிவு இருக்க முடியாதென்றே எழுதுகிறார். அவருக்கு அப்போது வயது முப்பத்தேழு இருக்கலாம். மரணம் எதிரில் நிற்கும்போது மனிதர்கள் சாதாரணமாகத் தாம் வாழாமல் விட்ட வாழ்வைப் பற்றித்தான் புலம்புவார்கள். இவர் வாழ்ந்ததைக் கணக்குப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையொப்பமிடுகிறார். இதற்கு மேலான பிரத்தியட்ச சாட்சியம் எந்த ஜீவிய சரித்திரத்திலும் எளிதில் கிடைக்காது.

எதிர்த்தரப்பிலும் வலுவான ஆவணம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதாடுவது முறையன்று. 1890-இல் வந்த ‘நால்வரின் குறி’ நாவலின் முடிவில், வாட்ஸனுக்கு மேரி மார்ஸ்டன் மனைவியாக வாய்க்கிறாள். போலீஸ் உத்தியோகஸ்தர் ஜோன்ஸுக்குப் புகழ் வாய்க்கிறது. உங்களுக்கு என்ன மிச்சம் என்று வாட்ஸன் கேட்க, ஹோம்ஸ் கொக்கேன் குப்பிக்காகக் கையை நீட்டுகிறார். இந்த ஒரு காட்சியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியவர்கள், தனிமைக்கு விலை கொக்கேன் என்று முடிவுகட்டினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொக்கேன் அந்நாளில் இங்கிலாந்தில் சட்டத்தால் தடுக்கப்பட்ட சரக்கன்று என்பதும், யுத்தகால விதியொன்றின் மூலம் 1916-இல்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது என்பதும் உண்மையே. ஆனால் அது சமாதானமாகாது, ஏனெனில் வாட்ஸன் அன்றைக்கே வைத்தியர் என்ற முறையில் அதைக் கண்டித்திருக்கிறார்.

ஆனால் ஹோம்ஸின் வழக்கை ஹோம்ஸின் முறையிலேயே விசாரிப்பதுதான் நியாயம்: ஒரு விளைவுக்கு இதுதான் காரணம் என்றால், காரணம் நீங்கும்போது விளைவு நீங்க வேண்டும், காரணம் மிகும்போது விளைவும் மிக வேண்டும். தனிமைதான் அந்த ஊசிக்குக் காரணம் என்றால், வாட்ஸன் கூடவே குடியிருந்த காலத்தில் அது இருந்திருக்கக் கூடாது. இதே நாவலின் முதல் பக்கத்தில் என்ன காண்கிறோம்? வாட்ஸன் அதே அறையில் உட்கார்ந்திருக்க, பல மாதங்களாக, நாளைக்கு மூன்று வேளை அவர் கண்ணெதிரிலேயே ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்து, தனிமை மிகுந்த காலத்தைப் பார்ப்போம். தொழிலைவிட்டு, லண்டனைவிட்டு, வாட்ஸனையும்விட்டு ஸஸெக்ஸ் குன்றுப் பகுதியில் குடியேறிய பிறகு, குப்பியைப் பற்றி ஒரு பேச்சுக்கூட இல்லை. அந்தப் பழக்கத்திலிருந்து அவரைத் தாம் சிறிது சிறிதாக விடுவித்ததாக, 1904-இல் வந்த ஒரு கதையில் வாட்ஸன் சொல்கிறார். அந்தப் புண்ணியம் நண்பரைச் சேரட்டும். ஆயினும் நோயின் மூலம் எது என்று ஹோம்ஸே முன்னமே சொல்லியிருந்தார்: தம் மனம் தேக்கத்தைப் பொறுக்காது, வேலை கொடுங்கள் என்று. அவரை அரித்தது ஆளில்லாமை அன்று, வேலையில்லாமை. ஓயாது ஓடிப் பழகிய யந்திரத்தை வெறுமே நிறுத்தி வைத்தால் துருப்பிடிப்பதற்கு, பக்கத்தில் இன்னொரு யந்திரம் இல்லாததைக் காரணமாகச் சொல்வாருண்டோ?

வேலை என்றதும் சம்பாத்தியத்தை நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கத் தங்கச் சுரங்க முதலாளி ஒருவர் பணத்தைக் காட்டியபோது, தம் கட்டணம் நிலையானது, அதில் மாற்றம் செய்வதில்லை, சில சமயம் முழுவதையும் விட்டுக்கொடுப்பது மட்டும் உண்டு என்ற கருத்தில் அவர் பதில் சொல்கிறார். செல்வாக்குள்ளவர்களின் வழக்கில் சுவாரசியம் இல்லையென்றால் மறுத்துவிடுவதும், ஏழையின் வழக்கில் புதிர் இருந்தால் வாரக்கணக்கில் அதிலே ஆழ்ந்துவிடுவதும் அவர் சுபாவம். வழக்கின் பெருமையைப் போலீஸ்காரர்களே எடுத்துக்கொள்ள விட்டுவிடுவார். 1902 ஜூனில் அளிக்க முன்வந்த ‘ஸர்’ பட்டத்தையும் வேண்டாமென்று மறுத்தார். பதவியும் பொருளும் புகழும் ஒருவனுக்குப் பயனாகாதபோது மிஞ்சுவது செய்கையிலேயே இருக்கும் ஆனந்தம் ஒன்றுதான். 140 வகைப் புகையிலைச் சாம்பல்களைப் பிரித்தறிந்து ஒரு நூல் எழுதியதையும், 1895 நவம்பரில் லண்டன் முழுவதும் மஞ்சள் மூடுபனியில் மூழ்கிக் கிடக்க, நீர்மூழ்கிக் கப்பலின் ரகசிய வரைபடங்களைத் தேட வேண்டிய அவசரத்தினிடையே, பதினாறாம் நூற்றாண்டு இசைமேதை லாஸஸின் பல குரல் தேவாலயப் பாட்டுகளைப் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு பகல் முழுவதையும் செலவிட்டதையும் வேறு எப்படி விளங்கிக்கொள்வது? ஹைடல்பர்க் சர்வகலாசாலை 1673-இல் அழைத்த உத்தியோகத்தை மறுத்துவிட்டுக் கண்ணாடிச் சில்லுகளைத் தேய்த்துக்கொண்டு மாடியறையில் வாழ்ந்த ஸ்பினோஸாவை ‘பாவம்’ என்று யாரும் சொல்வதில்லை. தத்துவஞானிக்குக் கிடைக்கும் மரியாதை துப்பறிபவருக்கு ஏன் மறுக்கப்படுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை; துப்பறிவது சற்று மட்டமான வித்தை என்னும் எண்ணம் நம் மனத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும்.

தனித்திருப்பது வேறு, ஒதுங்கியிருப்பது வேறு. இந்தப் பேதத்தைக் காட்டுவதற்கென்றே டாயில் படைத்தாற்போல ஹோம்ஸுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்: மைக்ராஃப்ட், ஏழு வயது மூத்தவர், தம்பியைவிடக் கூரிய புத்தி படைத்தவர். வீடு, ஆபீஸ், உறுப்பினர் ஒருவரோடொருவர் வாய்திறந்து பேசக்கூடாது என்று விதியுள்ள டயோஜினஸ் கிளப் ஆகிய மூன்று இடங்களுக்கு அப்பால் அவர் அடியெடுத்து வைப்பதில்லை. தம் ஊகம் சரியா என்று எழுந்து போய்ச் சரிபார்க்கும் முயற்சிகூட அவரிடம் கிடையாது. தம்பியோ லண்டன் முழுவதையும் வீடாகக் கொண்டவர். குதிரைலாயப் பணியாட்களோடு வேடமிட்டுப் பழகுகிறார். தெருப்பிள்ளைகளைத் திரட்டி, நாளைக்கு ஒரு ஷில்லிங் கூலி கொடுத்து, அவர்களைத் தம் ஒற்றர் படை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். அறைச் சுவரில் துப்பாக்கிக் குண்டுகளால் அரசியின் பெயரெழுத்துகளைப் பொறித்தும், நள்ளிரவில் இரசாயன நாற்றத்தைக் கிளப்பியும் வீட்டுக்காரி ஹட்சன் அம்மாளைப் படாத பாடுபடுத்துகிறார். ஆயினும் அந்த அம்மாளுக்கு அவரிடம் பிரியம்தான், ஏனென்றால் பெண்களிடம் அவர் நடந்துகொள்ளும் முறையில் மென்மையும் மரியாதையும் இருந்தன என்கிறார் வாட்ஸன். அந்தத் தனிவாழ்வுக்கு அடியில் ஹட்சன் அம்மாளின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

வாட்ஸனின் இடமும் இங்கேதான். அரிஸ்டாட்டில் சொன்ன ‘உடன் உழைப்பவர்’ அவர். நட்பு ஹோம்ஸுக்கு ஏராளமாகக் கிடைத்த பொருளன்று. கலாசாலை நாட்களில் விக்டர் டிரெவர் ஒருவனே சிநேகிதன், பிற்காலத்தில் வாட்ஸன் ஒருவரே. ‘மூன்று காரிடெப்கள்’ கதையில் கொலைகாரன் ஒருவனுடைய குண்டு வாட்ஸனின் தொடையை உராய்ந்துகொண்டு போகும்போது, அந்தக் கடின முகத்தின் உதடுகள் நடுங்குவதையும் தெளிந்த கண்கள் ஒரு கணம் மங்குவதையும் வாட்ஸன் காண்கிறார். அதைக் காண்பதற்கு ஒரு காயம் என்ன, பல காயங்கள் பட்டாலும் தகும் என்கிறார். இருபது வருஷ நட்பில் ஒரே ஒரு கணம்! தினமும் மூன்று வேளை அன்பு பாராட்டிக்கொள்ளும் குடும்பங்களில் அந்தக் கணம் வராமலே போய்விடுவதும் உண்டு. ஹோம்ஸே கதை சொல்லும் ‘வெளிறிய சிப்பாய்’ என்னும் கதையிலே, 1903 ஜனவரியைக் குறிப்பிட்டு, வாட்ஸன் மனைவியை நாடித் தம்மை விட்டுப் போனது ஒன்றுதான் அவர் செய்த சுயநலமான காரியம், தாம் தனியாக இருந்ததாக எழுதுகிறார். இங்கே ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பிரிவு உறுத்துவது, இருந்த உறவு பொய்யில்லை என்பதற்கு அத்தாட்சி. நிறைவான குடும்பத்திலும் மகள் புக்ககம் போன அன்று வீடு வெறிச்சோடித்தான் கிடக்கிறது.

அவருடைய குற்றங்களையும் சொல்லியாக வேண்டும். மில்வர்ட்டன் என்னும் மிரட்டல்காரனின் வீட்டுக்குள் நுழைவதற்காக, குழாய் வேலைக்காரனாக வேடம் போட்டு, அந்த வீட்டு வேலைக்காரி அகதாவிடம் கலியாண வார்த்தை பேசி நிச்சயமும் செய்துகொண்டு, பிறகு அவளை அப்படியே விட்டுவிட்டார். இன்னொருவன் அவளுக்காகக் காத்திருக்கிறான் என்று அவர் சொல்லும் சமாதானம் எனக்குச் சிறிதும் திருப்தியளிக்கவில்லை. ரைசன்பாக் அருவியில் இறந்ததாக நம்பிய வாட்ஸனை மூன்று வருஷம் துக்கம் காக்கவிட்டு, ஒரு நாள் கிழட்டுப் புத்தக வியாபாரி வேடத்தில் எதிரே வந்து நின்று மூர்ச்சையடையச் செய்தது இன்னும் பெரிய கொடுமை. வீட்டில் காத்திருப்பவர் இல்லாதவன், பிறர் காத்திருப்பின் வேதனையை அளக்கத் தவறுவான்; தனிவாழ்வின் உண்மையான ஊனம் இதுதான் என்று நான் கருதுகிறேன். ஆனால் இந்த ஊனம் அவர் பிறருக்கு இழைத்த தீங்கைப் பற்றியது. அவருடைய வாழ்வு அவருக்கு வெறுமையாயிருந்தது என்று இதிலிருந்து தேறாது.

மேலும் அவரைப் பாசமற்ற கணக்கு யந்திரம் என்பவர்கள் — டாயிலே 1892-இல் பெல்லுக்கு எழுதிய கடிதத்தில், பாபேஜின் கணக்கு யந்திரத்துக்கு அவரை ஒப்பிட்டார் — குற்றவாளிகளை அவர் விட்டுவிட்ட கதைகளை மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். நீலக்கல்லைத் திருடிய ரைடரை, கிறிஸ்துமஸ் காலத்தில் காலில் விழுந்து கதறியவனை, கதவைத் திறந்து போகச் சொல்லிவிடுகிறார். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து ஒரு பெண்ணைக் காக்கக் கொலை செய்த கப்பல் தலைவனை, வாட்ஸனையே ஜூரியாக வைத்து விசாரித்து விடுதலை செய்கிறார். இவை எல்லாவற்றையும்விட என்னை நெடுநேரம் நிறுத்தி வைப்பது, 1927-இல் வந்த ‘முக்காடிட்ட குடித்தனக்காரி’. அதில் துப்பறிவதற்கு ஒன்றுமே இல்லை. சர்க்கஸ் சிங்கம் கிழித்துவிட்ட முகத்தை முக்காட்டில் மறைத்துக்கொண்டு, லண்டனின் தென்பகுதியில் ஒரு வாடகை அறையில் வருஷக்கணக்கில் அடைந்து கிடக்கும் யூஜினியா ராண்டர், தன் கதையைச் சொல்லி முடிக்கிறாள். எழுந்து போகப்போன ஹோம்ஸுக்கு அவள் குரலில் ஏதோ தட்டுப்படுகிறது. திரும்பி, உன் உயிர் உனக்கு மட்டும் சொந்தமன்று, அதில் கை வைக்காதே என்கிறார். தன்னால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அவள் கேட்கிறாள். பொறுமையோடு துன்பத்தைத் தாங்குவதே பொறுமையற்ற உலகத்துக்கு ஒரு பாடம் என்பது அவருடைய மறுமொழி. இரண்டு நாள் கழித்துத் தபாலில் ஒரு சிறு நீலக் குப்பி வருகிறது: அவள் வைத்திருந்த விஷம். குப்பி ஒன்றை எப்படி விட வேண்டும் என்பதை அறிந்த ஒருவரிடம் அது வந்து சேர்ந்திருக்கிறது. மணமாகி மக்கள் பெற்ற வாட்ஸன்கள் நூறு பேர் அந்த அறையில் இருந்திருந்தாலும், அந்தக் குரலில் இருந்ததை அவர்கள் காதில் வாங்கியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

மனச்சோர்வு அவருக்கு வராமலில்லை. ‘ஓய்வுபெற்ற வர்ண வியாபாரி’யின் தொடக்கத்தில், எல்லாருடைய வாழ்வும் வீண்தானே, கையை நீட்டிப் பிடித்தால் கடைசியில் மிஞ்சுவது நிழல்தானே என்ற தோரணையில் அவர் பேசுகிறார். ஆனால் அவரை அப்படிப் பேச வைத்தது யார் வாழ்வு? வயதான காலத்தில் இளம் பெண்ணை மணந்து, பணத்தையும் அவளையும் பறிகொடுத்ததாகப் புகார் சொல்லிக்கொண்டு வந்த ஒரு கிரகஸ்தருடையது. கதையின் முடிவில் அந்தக் கிரகஸ்தர் யார், என்ன செய்தார் என்பது தெரியும்போது, வைராக்கியப் பேச்சுக்கு வேண்டிய காரணம் நமக்கும் கிடைத்துவிடுகிறது.

எஞ்சியிருப்பது ஸஸெக்ஸ். வேலையிலே நிறைவு கண்டவன், வேலை நின்றபின் என்னவாகிறான் என்பதுதான் கடைசிச் சோதனை. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் ஆறு மாதத்தில் தளர்ந்துபோவதை நாம் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! இருபத்துமூன்று வருஷம் தொழில் நடத்திய ஹோம்ஸ், ஐம்பது வயது நிரம்புமுன்பே தாமாக அதை நிறுத்திக்கொள்கிறார். ஆங்கிலக் கால்வாயைப் பார்த்தபடி நிற்கும் குன்றுச் சரிவில் ஒரு வீடு, வீட்டைக் கவனிக்க வயதான ஓர் அம்மாள், தேன்கூடுகள், பரண் நிறையப் புத்தகங்கள். லண்டனின் புகைக்குள் இருந்த நீண்ட வருஷங்களில் இந்த இயற்கை வாழ்வுக்காகத் தாம் அடிக்கடி ஏங்கியதுண்டு என்று, அவரே எழுதிய ‘சிங்கப் பிடரி’ கதையில் சொல்கிறார். அவர் வாழ்நாளில் ஏங்கினார் என்று நமக்குச் சாட்சியம் இருப்பது இந்த ஒன்றுக்கே. அதுவும் அவருக்குக் கிடைத்தது. பக்கத்தில் பள்ளிக்கூடம் நடத்தும் ஸ்டாக்ஹர்ஸ்ட், அழையாமலே மாலை வேளைகளில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார். வாட்ஸன் எப்போதாவது ஒரு வாரக் கடைசியில் வருகிறார். 1907 ஜூலைக் கடைசியில், கடற்கரையில் ஓர் இளைஞன் உடம்பெல்லாம் சாட்டையடி பட்டது போன்ற தழும்புகளோடு விழுந்து சாகிறான். கொலைகாரனைத் தேடிக் களைத்த ஹோம்ஸுக்கு, எப்போதோ படித்த ஒரு புத்தகத்தின் நினைவு வந்து பரணில் ஏறித் தேடுகிறார். கொன்றது மனிதன் அல்லன், கடலில் மிதக்கும் ஒரு ராட்சத ஜெல்லி மீன். தொழிலுக்கென்று படித்தவர் மறந்துபோயிருப்பார். இன்பத்துக்காகப் படித்தவருக்கு நினைவிருந்தது.

1914 ஆகஸ்டு 2-ஆம் தேதி இரவு, அறுபது வயது ஹோம்ஸ், ஆட்டுத்தாடி வைத்த ஐரிஷ் அமெரிக்கராக வேடமிட்டு, ஜெர்மன் ஒற்றன் வான் போர்க்கின் வீட்டில் அவன் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுக்கிறார். இரண்டு வருஷமாகத் தாங்கிய வேடம் அது. பிரதம மந்திரியே தம் குடிசைக்கு வந்து கேட்டுக்கொண்டதால் ஏற்றது. கடற்படையின் ரகசியச் சமிக்ஞைகளை எதிர்பார்த்துப் பொட்டலத்தைப் பிரித்த ஒற்றன், பொன்னெழுத்துப் பொறித்த ஒரு சிறு நீலப் புத்தகத்தைப் பார்த்துத் திகைக்கிறான்: தேனீ வளர்ப்புக்கு ஒரு நடைமுறைக் கையேடு, ராணியைப் பிரித்து வைப்பது குறித்த சில குறிப்புகளோடு. அடுத்த கணம் ஓர் இரும்புப் பிடி அவன் பிடரியைப் பற்றுகிறது, குளோரோபாரம் முகத்தை மூடுகிறது. ஒற்றன் கட்டுண்டு சோபாவில் குறட்டைவிட, வண்டியோட்டியாக வந்த வாட்ஸனும் ஹோம்ஸும் அவனுடைய நல்ல மதுவையே ஊற்றிக்கொண்டு உட்காருகிறார்கள். தேனீக்களுக்கும் புத்தகங்களுக்கும் நடுவே துறவிபோல் வாழ்வதாக அல்லவா கேள்விப்பட்டோம் என்கிறார் வாட்ஸன். ஹோம்ஸ் மேஜையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, அதன் தலைப்பு முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டி, லண்டனின் குற்ற உலகத்தைக் கவனித்ததுபோல் இந்தச் சின்னஞ்சிறு உழைப்பாளிக் கூட்டத்தை இரவும் பகலும் கவனித்து எழுதியது இது, இதைத் தாம் தனியாகவே செய்ததாகச் சொல்கிறார். 1903-ஐப் பற்றிச் சொல்லும்போது மனத்தாங்கலோடு வந்த ‘தனியாக’ என்னும் அதே சொல், இங்கே முதல் புத்தகம் அச்சாகி வந்த ஓர் ஆசிரியரின் குரலில் வருகிறது. வாட்ஸன் கையில் கிண்ணத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்.